பிள்ளைக்காம்பராவும் பங்களாப் பூனையும்

தோட்டத்து டிஸ்பென்சரிகளுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஓய்வு பெற்ற மனிதன் அடக்கமாகப் பேசுவான் என்று நினைத்து உட்கார்ந்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். என் சேவைக்காலத்தில் பெரும்பாலான நாட்கள் இருமலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்து கொடுத்தே கழிந்தன. ஒரு தடவை மட்டும், இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிமிரும்படி நடந்துகொண்டேன். களிம்பை எப்படிப் பூசுவது, மாத்திரையை எத்தனை வேளை கொடுப்பது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். வகுப்பில் சொல்லித் தராத பகுதியை மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் மருத்துவ உதவியாளன். சனம் என்னை டொக்டர் ஐயா என்று கூப்பிடும். நான் டொக்டர் இல்லை என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். "சரிங்க டொக்டர் ஐயா" என்று பதில் வந்ததும் அந்த முயற்சியைக் கைவிட்டேன். நானும் கொட்டகலைப் பக்கம் ஒரு லயத்துக் காம்பராவில், தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், பிறந்து வளர்ந்தவன்தான். அதனால் அந்தச் சனத்தின் கோபமும் எனக்குத் தெரியும், பயமும் தெரியும்.

எங்கள் டிஸ்பென்சரிக்கு வெளிப்பக்கம் ஒரு ஜன்னல். தாழ்வாரத்தில் வரிசையாக நின்று, முறை வந்ததும் ஜன்னலில் கையை நீட்டியோ நாக்கை நீட்டியோ காட்டி மருந்து வாங்கிப்போவார்கள். இந்த வரிசை லயத்துச் சனத்துக்கு மட்டும்தான். துரையின் பங்களாவிலிருந்து யாரும் டிஸ்பென்சரிக்கு வருவதில்லை. அங்கே யாருக்காவது தலைவலி என்றால் ஆள் வரும், நான் பையை எடுத்துக்கொண்டு மேலே ஏறுவேன். அது எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அப்படி, அவ்வளவுதான்.

அப்படி ஒருநாள் துரைசாணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தோட்டத்து மேனேஜரான பெரிய துரையின் மனைவி. கொழும்பிலிருந்து வந்த சிங்களப் பெண்மணி, தோட்டத்துக்குப் புதுசு. தோளுக்குக் கீழே, கம்பளிச் சட்டை எப்போதும் மூடியிருக்கும் இடத்தில், வட்டமாக ஒரு தடிப்பு. ஓரம் சிவந்து, நடுவில் தோல் வெளுத்து, பார்த்தவுடனேயே படர்தாமரை என்று தெரிந்தது. கொழும்பு பார்மசியில் வாங்கிய ஏதோ ஒரு கிரீமைப் பூசியிருந்தார். அரிப்பு அடங்கியதே தவிர வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. அவருடைய மடியில் கொழும்பிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பூனை ஒன்று புசுபுசுவென்று படுத்திருந்தது. அதன் காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன். கொஞ்ச இடத்தில் மயிர் உடைந்து சாம்பல் படிந்தமாதிரி இருந்தது. பூனைக்கு அது ஒரு தொந்தரவாகவே இல்லை. சில பூனைகள் அப்படித்தான். தாங்கள் சுகமாக இருந்துகொண்டு அடுத்தவருக்குக் கொடுக்கும்.

மருந்து கொடுத்தேன், பூனையை நுவரெலியாவில் மிருக வைத்தியரிடம் காட்டச் சொன்னேன். துரைசாணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு, இந்த வட்டம் பற்றி யாருக்கும், முக்கியமாகத் துரைக்கு, தெரியக்கூடாது என்றார். ஒரு காரணமும் சொன்னார். அந்தக் காரணத்தை நான் உங்களிடமும் சொல்லப்போவதில்லை. யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தேன். ஒரே வீட்டில் இருக்கும் புருஷனுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்காதீர்கள். எங்கள் துரைக்குத் தேயிலை இலையில் ஒரு புள்ளி விழுந்தால் மறுநாளே தெரிந்துவிடும். மற்ற விஷயங்களில் மனிதர் கொஞ்சம் மந்தம்.

சில வாரம் கழித்துப் பிள்ளைக்காம்பராவிலிருந்து குழந்தைகள் வர ஆரம்பித்தார்கள். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. பழைய சேலைகளைக் கூரை மரத்தில் கட்டி ஏணை போட்டிருப்பார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா பாக்கியம். நாற்பதைத் தாண்டிய மனுஷி. அந்தத் தோட்டத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைகளில் பாதிப்பேர் அவர் விரலைப் பிடித்துத்தான் நடந்திருப்பார்கள். இப்போது வந்த குழந்தைகளின் தலையில் வட்டம் வட்டமாக முடி உடைந்து, வெட்டிய புல் மாதிரி கட்டையாக நின்றது. நான் நேரே பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். பாக்கியம் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார். காட்டச் சொல்லிப் பார்த்தால், குழந்தையைத் தூக்கி அணைக்கும் உட்பக்கம் முழுக்க அதே வட்டங்கள். கழுத்திலும் இரண்டு.

ஏணை ஒன்றுக்குள் ஏதோ அசைந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு வெள்ளைப் பூனைக்குட்டி குளிருக்கு அடக்கமாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் திரிபோஷச் சத்துமாவை எலி தின்கிறது என்று பாக்கியம் யாரிடமோ சொல்லியிருக்கிறார். அது துரைசாணியின் காதுக்குப் போய், நல்ல மனதோடு தன் பூனை போட்ட குட்டிகளில் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். பொழுதுசாய்ந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் குட்டி ஏணையில் ஏறிப் படுத்துவிடும். காலையில் அதே ஏணையில் பிள்ளையைப் போடுவார்கள். சூத்திரம் முழுக்க அந்த ஒரு ஏணையில் இருந்தது.

நான் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற மிதப்பில் டிஸ்பென்சரிக்குத் திரும்பியபோது, லயத்தில் வேறு காரணம் முந்திக்கொண்டிருந்தது. பாக்கியத்துக்குக் குஷ்டம். அவர்தான் பிள்ளைகளுக்கு ஒட்டவைத்துவிட்டார். தோட்டத்தின் அந்தப் பிரிவில் முன்னொரு காலத்தில் ஒரு மனிதரை அந்த நோய் என்று கொழும்புப் பக்கம் கொண்டுபோனார்களாம், அவர் திரும்பி வரவேயில்லையாம். அந்தப் பயம் லயத்தில் இன்னும் உயிரோடு இருந்தது. பீலியில் எல்லாரும் தண்ணீர் பிடித்து முடிந்த பிறகுதான் பாக்கியம் பிடிக்கலாம் என்று ஆயிற்று. அவர் வந்தால் குடங்களை இழுத்து நகர்த்தினார்கள். தாய்மார் பிள்ளைகளை விட மாட்டோம் என்று வேலைக்கு வராமல் நின்றார்கள். கொழுந்து கொட்டும் பருவம். பறிக்காமல் விட்டால் மலை முழுக்க முற்றிப்போகும்.

நான் பாக்கியத்தை டிஸ்பென்சரிக்குள் வைத்து, கண்ணை மூடச் சொல்லி, அந்த வட்டங்களில் பஞ்சாலும் ஊசி முனையாலும் தொட்டுப் பார்த்தேன். தொட்ட இடமெல்லாம் சரியாகச் சொன்னார், குத்தியபோது கையை இழுத்தார். குஷ்டத்துத் தேமலில் உணர்ச்சி மங்கியிருக்கும், அரிப்பும் இருக்காது. இவரோ சொறிந்து சொறிந்து புண்ணாக்கி வைத்திருந்தார். எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. பிள்ளைகளின் முடியில் கொஞ்சம் எடுத்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினேன். ஆனால் முடிவு வர நாளாகும், சனம் அதுவரை பொறுக்காது.

துரை என்னை ஒப்பீசுக்குக் கூப்பிட்டார். தொழிற்சங்கத் தலைவரும் நின்றார். நல்ல மனிதர், அவருடைய பேரப்பிள்ளையின் தலையிலும் ஒரு வட்டம். துரை சுற்றி வளைக்கவில்லை. பாக்கியம் பிள்ளைகளோடு இருக்கத் தகுதியில்லாதவர் என்று நான் ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும், அவரை நிறுத்திவிட்டு வேறு ஆயாவைப் போட்டுவிடலாம், நாளைக்கே பெண்கள் மலைக்குப் போய்விடுவார்கள் என்றார். அந்த வரியை நான் எழுதினால் குஷ்டம் என்று முத்திரை குத்தியதுதான். வேலை போவது மட்டுமில்லை, பாக்கியம் அந்த லயத்திலேயே குடியிருக்க முடியாது. நான் விளக்கினேன். இது குஷ்டம் இல்லை, படர்தாமரை. ஆயாவிடமிருந்து தொடங்கவில்லை, பூனைக்குட்டியிடமிருந்து வந்தது. மருந்து இருக்கிறது, எல்லாருக்கும் ஒரேயடியாகக் கொடுத்தால் நின்றுவிடும்.

துரை கடைசிவரை கேட்டார். பிறகு தலைவருக்கும் புரியவேண்டும் என்று தோட்டத் தமிழிலேயே சொன்னார்.

"அந்தக் குட்டி எங்க வீட்டுக் குட்டி. தாய்ப்பூனை எங்க வீட்லதான் படுக்குது. எங்க வீட்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லையே."

தலைவர் என்னைப் பார்த்தார். தொரை கேட்பதும் நியாயம்தானே ஐயா என்றார். நியாயம்தான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் நான் சொன்ன எல்லாமே அந்தரத்தில் நிற்கும். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. உங்கள் மனைவியின் கையைப் பாருங்கள் என்று சொன்னால் போதும், பாக்கியம் அந்த நிமிஷமே தப்பிவிடுவார்.

நான் சொல்லவில்லை. எழுதவும் மாட்டேன் என்றேன். அது பொய், பொய்யில் என் கையெழுத்து விழாது என்றேன்.  துரைக்கு முகம் சிவந்தது. மறுநாள் காலையில் டிஸ்பென்சரிக்கு வருவேன், அப்போதும் எழுதாவிட்டால் எழுதக்கூடிய வேறு ஒரு மருத்துவ உதவியாளரைக் கம்பனியிடம் கேட்டுக்கொள்வேன் என்றார்.

வெளியே வந்தால் பாக்கியம் நிற்கிறார், எல்லாரையும் விட்டுத் தள்ளி, ஒரு சவுக்கு மரத்தடியில். "ஐயா, நா எங்கயாச்சும் போயிர்றேன். எனக்காக நீங்க தொரகிட்ட பேச்சு வாங்காதீங்க" என்றார். "எங்கயும் போக வேணாம் பாக்கியம்மா. காலையில வழமபோல ஜன்னலுக்கு வந்துருங்க" என்றேன். தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, காலையில் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அன்றைக்குப் பின்னேரம் பங்களாவுக்கு ஏறினேன். கையைப் பார்க்க வந்தேன் என்றேன். வட்டம் பாதி ஆறியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவருடைய ரகசியத்தைச் சொல்ல எனக்கு அனுமதி தரமுடியுமா என்று சிங்களத்தில் நேராகவே கேட்டேன். அவர் பூனையின் முதுகைத் தடவினார். பிறகு முடியாது என்றார். அந்தப் பெண்ணை உண்மையிலேயே அனுப்பிவிடுவார்களா என்று கேட்டார். நாளைக்கு அனுப்பிவிடுவார்கள் என்றேன். அப்படியும் முடியாது என்றுதான் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை. உங்கள் விஷயம் என் வாயிலிருந்து வராது, பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அந்த இறக்கத்தில் நடந்து வந்தபோது எனக்கு அந்த அம்மாள் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பஞ்சு மெத்தையில் உட்கார்ந்துகொண்டு ஒரு வட்டத்தை மறைக்கிறாள், கீழே ஒருத்தி குடத்தை வைத்துக்கொண்டு பீலியில் கடைசி ஆளாக நிற்கிறாள். நான் லயத்துப் பிள்ளை. யார் பக்கம் நிற்க வேண்டும் என்று என் இரத்தமே சொல்லும். ஆனால் ஜன்னலுக்கு உள்ளே நிற்பவனுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, தம்பிமாரே. நோயாளி நம்பிச் சொன்னதை, அவர் நல்லவரா கெட்டவரா, பணக்காரரா ஏழையா என்று பார்த்து வெளியே விடமுடியாது. ஒரு தடவை விட்டால் பிறகு எந்தக் காரணத்துக்கும் விடலாம் என்று ஆகிவிடும். பாக்கியத்துக்கு என் சொந்தப் பெயரை, என் சொந்த வேலையைக் கொடுக்கலாம். அடுத்தவரின் உடம்பைக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இந்த முடிவுக்கு வந்துவிட்டேன், ஆனால் கோபம் தணியவில்லை.

காலையில் டிஸ்பென்சரியைத் திறந்தபோது பனி விலகவில்லை. முற்றம் நிறையப் பெண்கள், இடுப்பில் பிள்ளைகள். பேரப்பிள்ளையோடு சங்கத் தலைவரும் நின்றார். ஒருத்தியும் பெரட்டுக்குப் போகவில்லை. துரையின் ஜீப் வந்து நின்றது, அவர் இறங்காமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரிசையின் கடைசியில் பாக்கியம். அவருக்கு முன்னால் இருந்தவள் இரண்டு ஆள் இடைவெளி விட்டு நின்றாள். பின்னால் யாருமில்லை. அவர் அருகே போய்ப் பகிரங்கமாக என் வெறுங்கையால் களிம்பு பூசிவிட வேண்டும் என்பது என் திட்டம். பூசிவிட்டுக் கையைக் கழுவினால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதை எல்லாருக்கும் கேட்கச் சொன்னதுமே, அதுவும் போதாது என்று வரிசையின் முன்னால் நின்ற தாய் ஒருத்தி காட்டிவிட்டாள். "நீங்க மருந்து படிச்சவுக, கழுவிக்குவீங்க. பச்சப்புள்ள என்னத்தக் கழுவும்?" என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் பிழையில்லை.

அப்போது கூட்டம் விலகியது. துரைசாணி நடந்து வந்துகொண்டிருந்தார். பங்களாவிலிருந்து அந்தச் சேற்றுப்பாதை முழுக்க, காரில்லாமல், குடை பிடித்துக்கொண்டு. துரை ஜீப்பிலிருந்து பாய்ந்து இறங்கினார். பெண்கள் பதறிப்போய் வரிசையை உடைத்து, முன்னுக்குப் போங்க என்று வழிவிட்டார்கள். துரைசாணி முன்னுக்கு வரவில்லை. வரிசையின் கடைசிக்குப் போய், பாக்கியத்துக்குப் பின்னால், இடைவெளி விடாமல் நின்றார்.

அவரை முன்னால் கூப்பிட எனக்கு வாய் துடித்தது. துரை பார்த்துக்கொண்டு நிற்கிறார், தோட்டமே பார்க்கிறது, துரைசாணி மழைத்தூறலில் நிற்கிறார். பழக்கதோஷம் எப்படி இழுக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நான் கூப்பிடவில்லை. இருமலுக்கு வந்தவருக்கு இருமல் மருந்து கொடுத்தேன். விரலை வெட்டிக்கொண்டவருக்குக் கட்டுப் போட்டேன். ஒவ்வொருவராக வரிசை நகர்ந்தது. பாக்கியத்தின் முறை வந்தது. கையைப் பிடித்து நிதானமாகக் களிம்பு பூசினேன். துரைசாணி பார்த்துக்கொண்டே நின்றார்.

பாக்கியம் விலகியதும் அவர் ஜன்னலுக்கு வந்தார். கம்பளிச் சட்டையின் கையைத் தோள்வரை சுருட்டினார். வட்டம் ஆறிவந்தாலும் சிவப்பு ஓரம் தெளிவாகத் தெரிந்தது. அதை எனக்குக் காட்டவில்லை, திரும்பித் தாய்மாருக்குக் காட்டினார். சொல்லவேண்டிய தமிழை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பார் போலிருக்கிறது.

"எனக்கும் இதுதான். முதல்ல எனக்குத்தான். அது எங்க பூனை."

துரை மனைவியின் கையைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். தலைவர்தான் முதலில் அசைந்தார். பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து துரைசாணிக்குப் பின்னால் வரிசையில் நின்றார். பிறகு ஒவ்வொரு தாயாக வந்தார்கள். பாக்கியம் தாழ்வாரத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. களிம்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சாதாரண வேலை. ஏணைச் சேலைகளைப் பீப்பாயில் போட்டு வேகவைத்தோம். குட்டியைச் சாக்கில் கட்டி ஓயா ஆற்றில் எறியப்போன பொடியன்களை விரட்டிவிட்டு, தாயையும் குட்டியையும் மிருக வைத்தியரிடம் அனுப்பினோம். ஆஸ்பத்திரி முடிவும் நான் சொன்னபடியே வந்தது. தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்டு நின்ற பிள்ளைகளின் தலைகளில் முடி நிறைந்திருந்தது. பாக்கியம் பிள்ளைக்காம்பராவில்தான் இருந்தார்.

துரை ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, தெரிந்துகொண்டே ஏன் தன்னிடம் மறைத்தாய் என்று கேட்டார். உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் துரைசாணியிடம் சொன்னதில்லையே சேர் என்றேன். அவர் நாற்காலியைக் காட்டினார். பிறகு தேத்தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார்.

பாக்கியம் அவ்வளவு லேசில் விடவில்லை. கையெல்லாம் ஆறிய பிறகு வந்து, "தொரசாணிக்கும் இருந்துச்சுன்னு ஒங்களுக்கு முன்னமே தெரியுமாய்யா?" என்றார். தெரியும் என்றேன். "என்னையப் பீலியில தள்ளி நிக்க வச்சாங்களே. அத பாத்துக்கிட்டு ஒரு வார்த்த சொல்லலயே நீங்க." அவங்க என்னை நம்பிச் சொன்னது பாக்கியம்மா, என்று சொன்னேன். அவர் போய்விட்டார். வெகுநாள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கோபத்துக்கு அவருக்கு முழு உரிமை இருந்தது, நான் சமாதானம் சொல்லப் போகவில்லை.

ஒரு மத்தியானம், வரிசை முடிந்து நான் ஜன்னலைச் சாத்தப்போகும் நேரம் வந்து நின்றார். முகத்தைத் திருப்பவில்லை. "கதவையும் சாத்துங்கய்யா" என்றார். மார்பில் ஒரு கட்டி. போன பொங்கலிலிருந்து இருக்கிறது. புருஷனுக்குச் சொல்லவில்லை, மருத்துவிச்சிக்கும் சொல்லவில்லை. யாரிடம் சொன்னாலும் பொழுதுபடுவதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம்.

"ஒங்ககிட்ட சொன்னா வெளிய போகாதுன்னு இப்பத் தெரியும்" என்றார்.

அடுத்த நாளே அவரைக் கண்டிக்கு அனுப்பினேன். ஒப்பரேஷன் செய்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று அங்கே டொக்டர் சொல்லியிருக்கிறார். லயத்தில் கேட்டவர்களுக்கு வயிற்றுவலி என்று மட்டும் சொன்னேன்.

பாக்கியம் இன்றைக்கும் சுகமாக இருக்கிறார். உங்களிடம் பேசப்போகிறேன் என்று தெரிந்ததும், இந்தக் கதையைச் சொல்லலாமா என்று அவரிடம் போய்க் கேட்டேன். துரைசாணி தன்னுடையதை அன்றைக்கே ஊரறியக் காட்டிவிட்டார், இது பாக்கியத்தின் விஷயம். பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பேரையும் சேத்தே சொல்லுங்கய்யா" என்றார். "ஆனா நா சொல்லச் சொன்னதாலதான் சொல்றீங்கன்னு அந்தப் புள்ளைககிட்ட மொதல்ல சொல்லிருங்க."

அதை மட்டும் கடைசியில் சொல்லியிருக்கிறேன். அவர் மன்னிப்பார்.